கொம்பியூட்டரை நிப்பாட்டலாமோ

நெடுங்கேணி
14.08.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

கஜேந்தினி எழுதுகிறேன். சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆனால் இன்று காலை நீங்கள் தேத்தண்ணி குடித்ததையும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததையும் நானே திரையில் பார்த்தேன். சுகமாகத்தான் தெரிந்தீர்கள். எங்கள் சுகமும் உங்களுக்குத் தெரியும். பிள்ளை யதுஷாவுக்கு மூக்கு ஒழுகுகிறது என்பதை எனக்கு முதல் கண்டுபிடித்ததே நீங்கள்தான்.

தினமும் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். கொம்பியூட்டர் இருப்பது மாமாவின் கட்டிலுக்கு நேரே. அதில் நான் எதைச் சொன்னாலும் உங்கள் அப்பாவுக்குக் கேட்கும். போனில் எழுதலாம் என்றால், எனக்கும் உங்கள் தம்பிக்கும் ஒரே போன். அது அவரோடு வயலுக்குப் போய்விடும். அதனால்தான் பிள்ளை நித்திரையான பிறகு இப்படிப் பேனையோடு இருக்கிறேன்.

விஷயம் சின்னது. வேலையில்லாத நேரத்தில் கொம்பியூட்டரை நிப்பாட்டலாமோ?

மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது நீங்கள் அதை வாங்க உதவியதை நாங்கள் மறக்கவில்லை. "அப்பாவால பட்டன் அமத்த ஏலாது, அது பாட்டுக்குத் திறந்து கிடக்கட்டும்" என்று சொன்னீர்கள். தம்பியும் அப்படியே செய்துவைத்தார். போட்டவுடன் இரண்டு வீடும் தானாகத் தொடுத்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் அது இரவு பகலாக ஓடுகிறது. பின்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுடுகிறது. உள்ளே விசிறி இரைகிறது. மாமாவுக்கு இரவில் நித்திரையே இல்லை, இருமிக்கொண்டு கிடக்கிறார். வவுனியாவில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தோம். நெஞ்சு சுத்தம் என்கிறார்கள். அந்த வெளிச்சம்தான் அவரை அலைக்கழிக்கிறது என்பது என் எண்ணம்.

நீங்கள் கதைக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டால் போதாதா?

நேற்று யதுஷா முதல் சொல் சொன்னாள். நீங்களும் கேட்டீர்கள். "மாமி." உங்களைத்தான். மாமாகூடக் கோணல் வாயால் சிரித்தார். எனக்கும் சந்தோசம்தான்.

உங்கள் வீட்டுக்காரர் யோகலிங்கம் அண்ணாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கஜேந்தினி


பேர்ண், சுவிஸ்
02.09.2023

அன்பின் கஜேந்தினிக்கு,

கடிதம் கிடைத்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என் பெயர் எழுதிய உறை ஒன்று. இரண்டு தரம் வாசித்தேன். இவர் வரமுதல் கைப்பையில் வைத்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். குளிர் இன்னும் தொடங்கவில்லை. அப்பாவின் இருமலுக்கு வெளிச்சம் காரணமில்லை. அவர் சின்ன வயதிலிருந்தே நித்திரை குறைந்த மனிசன், இரவில் தண்ணி பாய்ச்சப் போய்வந்த பழக்கம்.

நிப்பாட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில், உடுப்புத் தோய்க்கிற எங்கள் பகுதியில்கூட நாலு கொம்பியூட்டர் இருக்கிறது. ஒருவரும் நிப்பாட்டுவதில்லை. போட்டுப் போட்டு நிப்பாட்டினால்தான் பழுதாகும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லுவா. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதுதான் கூடாதாம்.

இருந்தாலும் உமக்கு இடைஞ்சல் என்றால் பகலில் நிப்பாட்டும். பின்னேரம் இவர் வேலையால் வந்த பிறகு மட்டும் கிடக்கட்டும். அது உங்களுக்கு இரவு. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பரவாயில்லை, அடியோடு இல்லாமல் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. இனிக் கடிதம் எழுதினால் கீழே உள்ள என் வேலையிட விலாசத்துக்கு எழுதும். வீட்டுப் பெட்டி விளம்பரத் தாளால் நிறைந்து கிடக்கும், இவர் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார். என் போனும் கூடுதலாக இவரின் கையில்தான்.

யதுஷாவுக்கு இஞ்சியும் தேனும் குழைத்து நாக்கில் தடவும். நேற்றுக் காலுறை போடாமல் நிலத்தில் நின்றாள். கவனம்.

அன்புடன்,
நிரோஜா மச்சாள்


நெடுங்கேணி
24.09.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று புதூர் நாகதம்பிரானை வேண்டினேன். போன திங்கட்கிழமை போனோம். யதுஷா கோயிலில் அழுதாள், "மாமி, மாமி" என்று. பக்கத்தில் நின்ற பொம்பிளை, "பிள்ளை மாமியிட்டத்தான் வளருதோ? தாய் வேலைக்குப் போறவவோ?" என்று கேட்டா. இல்லை, தாய் வீட்டில்தான், நான்தான் தாய் என்று சொன்னேன். அவா நம்பவில்லை.

யதுஷா காலுறை போடாமல் நின்றது உண்மை. இந்த வெயிலில் இங்கே எந்தப் பிள்ளையும் காலுறை போடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் கேட்கிற நேரம் இங்கே ஒரே இருட்டு. பிள்ளை நித்திரை, மாமா கட்டிலில், விளக்கும் இல்லை. அந்த நேரத்தில் திரையில் என்னத்தைப் பார்ப்பீர்கள்? பகலில் நிப்பாட்டு, இரவில் போடு என்கிறீர்கள். பிள்ளை இடையில் எழும்பி அழுதால் தேற்றுகிற குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றா?

கோபத்தில் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை இரவு எழும்பி அழுதாள். நான் தூக்கக் கை நீட்டினேன். அவள் என் தோளுக்கு மேலால் அந்த வெளிச்சத்துக்குக் கை நீட்டினாள். நீங்கள் அங்கிருந்து "ஆராரோ" என்றீர்கள். உடனே அடங்கினாள். என் கையில்தான் இருந்தாள், ஆனால் என்னிடம் இல்லை. காலையில் திரையில் வட்டமாக எச்சில் காய்ந்திருந்தது. அவள் உங்களுக்குக் கொடுக்கிற கொஞ்சல். அதைத் தினமும் ஈரச் சீலையால் துடைக்கிறவள் நான்.

உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதை இங்கே சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிற சுகிர்தன் அண்ணாவிடம் கேட்டேன். "நிப்பாட்டினாலும் பழுதாகும், நிப்பாட்டாட்டியும் பழுதாகும். ரெண்டுக்கும் நான் இருக்கிறன், யோசியாதை தங்கச்சி" என்றார். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை இல்லை. நான் நினைப்பதைச் செய்யலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாவுக்கும் அன்பு.

கஜேந்தினி


பேர்ண்
15.10.2023

அன்பின் கஜேந்தினிக்கு,

சுகம் என்றே வைத்துக்கொள்ளும். நீரும் தம்பியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பா இருமுவது கேட்டால் எனக்குப் போதும். இவருக்கும் அது கேட்பது நல்லது.

நீர் எரிச்சலில் எழுதியிருக்கிறீர். எனக்கு விளங்குகிறது, ஏனென்றால் எனக்கும் எரிச்சல் உண்டு. குளிக்க வார்த்துவிட்டு அவளைத் துவாயில் சுற்றித் தூக்கும்போது உம்முடைய நாடி அவள் கழுத்துக்குள் போகும். நீர் அறியாமலே மோந்து பார்ப்பீர். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு என்ன மணம் என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மணம்தான் என்பார்கள். உம்மிடம் இருப்பது பிள்ளை. என்னிடம் இருப்பது வெளிச்சம். அதற்கும் உமக்குக் கணக்குப் பார்க்க வேண்டுமா?

தாலாட்டினது பிழை என்றால் இனி வாய் திறக்க மாட்டேன். ஆனால் இரவில் நிப்பாட்ட வேண்டாம். வேறொன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு வேலையில்லை, அன்றைக்கு முழு நாளும் கிடந்தால் நல்லது.

அப்பாவுக்குத் தலை வாரிவிடுகிறீர். அதைப் பார்க்கும்போது மனம் ஆறும்.

நிரோஜா


நெடுங்கேணி
05.11.2023

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம், நலமே விரும்புகிறோம்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. பின்னேரமானால் இடியும் மின்னலும். போன வருசம் இந்த மாதத்தில்தான் அடுத்த வளவுத் தென்னையில் மின்னல் விழுந்து அவர்களின் ரிவி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கருகியது. ஆகவே பின்னேரத்தில் கொம்பியூட்டரின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகிறேன். காலையில் மழை விட்டிருந்தால் அரை மணித்தியாலம் போடுவேன், மாமாவோடு கதைக்கலாம்.

இது உங்கள் சாமானைப் பாதுகாக்கத்தான். வேறு நினைக்க வேண்டாம்.

யதுஷா இப்போது பசளிக்கீரைச் சோறு சாப்பிடுகிறாள். என் கையால்.

கஜேந்தினி


பேர்ண்
26.11.2023

அன்பின் கஜேந்தினிக்கு,

எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் வெடிப்பு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் வேலையில்லை. அதனால் உம்முடைய கடிதத்தைக் கூட வேலை செய்கிற ஒரு போர்த்துக்கேயப் பொம்பிளை கொண்டுவந்து தந்தா.

நெடுங்கேணியில் இந்தக் கிழமை மழை என்ன மாதிரி என்று போனில் பார்த்தேன். மூன்று நாள் நல்ல வெயில் என்று போட்டிருந்தது. போன் பிழையாகவும் சொல்லும்.

இடி இல்லாத இரவுகளில் போடும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

நிரோஜா


நெடுங்கேணி
17.12.2023

மச்சாளுக்கு,

உங்கள் கை சுகமாகியிருக்கும் என்று நம்புகிறேன். காலையில் அரை மணித்தியாலம் போடும்போதும் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், வீட்டுக்குள்ளும் சால்வையால் கன்னம் வரைக்கும் மூடிக்கொண்டு. யதுஷா முகத்தைத் தேடுகிறாள். பிள்ளையை ஏங்க வைத்தால் தாய் இறங்கி வருவாள் என்ற எண்ணமா?

ஓம், மழை இல்லாத நாளும் நிப்பாட்டினேன். போனில் பார்த்தீர்களாம். அங்கிருந்து என் வானத்தையும் பார்க்கிறீர்கள். என் குசினிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தீர்கள், என் பிள்ளையின் மூக்கைப் பார்த்தீர்கள், நான் மாமாவின் தலை வாருவதைப் பார்த்தீர்கள். நான் குனிவதும் நிமிர்வதும் பார்க்கப்படுகிற வீட்டில் எப்படிச் சீவிப்பது?

இப்போது மாமாவும் உங்கள் பக்கம். இரவில் கொம்பியூட்டர் நின்றவுடன் கட்டில் சட்டத்தில் தண்ணி குடிக்கிற பேணியை அடிக்கத் தொடங்குகிறார். டங், டங் என்று. நல்ல கை அந்த ஒன்றுதான், அதால் எனக்கு அடிக்கிற மாதிரி இருக்கிறது. "என்ன மாமா வேணும்?" என்றால் கறுப்புத் திரையைக் காட்டுகிறார். கஞ்சியை வாயில் வைத்தால் துப்புகிறார். அவர் உடம்பு துடைக்கிறவள் நான், மலம் எடுக்கிறவள் நான். அவருக்கு வேண்டியது கண்ணாடிக்குள் இருக்கிற மகள். என் பிள்ளைக்கு வேண்டியதும் அவதான். நான் இந்த வீட்டில் யார்?

யாழ்ப்பாணத்தில் நாலு வருசம் படித்துப் பட்டம் எடுத்தவள். சந்திப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இங்கே இருக்கிறேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. உங்களுக்குப் பிள்ளை இல்லாதது என் குற்றமில்லை, மச்சாள். அதற்காக என்னுடையதைப் பங்கு போட ஏலாது.

கொம்பியூட்டரைப் பழைய போர்வையால் மூடிவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம்.

கஜேந்தினி


நெடுங்கேணி
22.01.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நான் எழுதிய எழுத்துக்கு வராதுதான். சுகமா என்று இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தில் என்ன நடந்தது என்பது தெரியாது, அதை எழுதுகிறேன்.

பின்னேரம் நான் முற்றத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். யதுஷா போர்வையை இழுத்து விழுத்தியிருக்கிறாள். அந்த வட்டப் பட்டனில் அவளுக்கு எப்போதும் ஒரு கண், அமத்திவிட்டாள். வயரை நான் காலையில் தூசி துடைத்துவிட்டுத் திரும்பவும் சுவர்ப் பிளக்கில் கொளுவியிருந்தேன், ஏனென்று கேட்க வேண்டாம், எனக்கே தெரியாது. உள்ளே வந்தபோது உங்கள் குசினி வெளிச்சம் திரையில் வந்துவிட்டது.

நீங்கள் அலுமாரியோடு ஒட்டி நின்றீர்கள். அண்ணாவின் முதுகு தெரிந்தது. அவருடைய கை மேலே இருந்தது.

யதுஷா, "மாமி" என்று கூப்பிட்டாள்.

அந்தக் கை கீழே வரவில்லை, மச்சாள். அது அவருடைய தலைக்குப் போய் மயிரைக் கோதியது. திரும்பினார். சிரித்தார். "ஆ, கஜேந்தினியே? கனநாளாக் காணேல்ல. மாமா எப்பிடி இருக்கிறார்?" என்றார். நீங்கள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "கொம்பியூட்டர் திருத்தியாச்சோ?" என்று கேட்டீர்கள். நான், "ஓம், திருத்தியாச்சு" என்றேன்.

இரவு நிப்பாட்டவில்லை. ஒன்பதரைக்கோ பத்துக்கோ அண்ணாவின் சத்தம் உயர்ந்தது, வார்த்தை தெளிவில்லை. மாமா இருமத் தொடங்கினார். நான் தண்ணிப் பேணியோடு ஓடினேன். நல்ல கையால் பேணியைத் தள்ளிவிட்டு, திரையைப் பார்த்து இன்னும் பலமாக இருமினார். அங்கே சத்தம் தணிந்தது. இவர் நிறுத்திக் காது கொடுத்தார். மீண்டும் உயர்ந்தபோது மீண்டும் இருமினார்.

நெஞ்சுப் படம் எடுக்க நான் அவரை வவுனியாவுக்குக் கொண்டுபோனேன்.

இதற்கு மேல் என்ன எழுதுவது? இருட்டில் என்னத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். நீங்கள் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

போன கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அது வழியில் எங்காவது தொலைந்திருக்க வேண்டும் என்று நாகதம்பிரானைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொம்பியூட்டர் இனி நிற்காது.

கஜேந்தினி


பேர்ண்
20.02.2024

அன்பின் கஜேந்தினிக்கு,

அந்த வரி வந்து சேர்ந்தது. வாசித்தேன். இப்போது அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

கை ஆறிவிட்டது, வேலைக்குப் போகிறேன். தம்பிக்குச் சொல்ல வேண்டாம். அவன் கோபக்காரன். அங்கே நின்று கத்துவான், அதன் பலன் இங்கே எனக்கு. அப்பாவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தானாகக் கேட்டுக் கண்டுபிடித்தார். முதல் நாள் அவர் இருமியபோது இவர், "உன்ரை கொப்பர் முழிப்போ?" என்று கேட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். இருமல் மருந்து அனுப்பச் சொல்லி நீர் முந்தித் திரையில் கேட்டபோது நான் என்ன சொல்லுவது?

வெளியில் இவர் நல்ல மனிசன். நெடுங்கேணிக்காரர் முன்னால் கெட்ட பெயர் எடுக்க மாட்டார். அதை வைத்துத்தான் சீவிக்கிறேன்.

யதுஷா நன்றாக வளர்ந்துவிட்டாள்.

நிரோஜா


நெடுங்கேணி
12.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி என்று இப்போது ஒவ்வொரு இரவும் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், ஆகவே கேட்கவில்லை.

என் பாயையும் பிள்ளையின் தொட்டிலையும் மாமாவின் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரியூசன் பிள்ளைகளின் கொப்பிகளை இரவில் திரைக்கு முன்னால் வைத்துத் திருத்துகிறேன். மாமா களைத்தால் நான் பேசுகிறேன். நேற்று அண்ணா கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும். "நீர் இன்னும் படுக்கேல்லையோ?" "இல்லை அண்ணா, நித்திரை வராத வருத்தம். நீங்கள் சாப்பிட்டாச்சோ? என்ன கறி? மச்சாளும் சாப்பிட்டவவோ? எங்கை, ஒருக்கால் அவவைக் காட்டுங்கோ பாப்பம்." அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை ஒன்று செய்துவிட்டேன். உங்கள் தம்பிக்குச் சொன்னேன். கத்தவில்லை. நெடுநேரம் உழவு மெசினுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அடுத்த நாள் வவுனியாவுக்குப் போய் ஒரு பற்றரிப் பெட்டி வாங்கிவந்தார். கரண்ட் நின்றாலும் கொம்பியூட்டர் நிற்காமல் இருக்க. பூட்டும்போது என்னைப் பார்க்காமல், "இவ்வளவுதானே என்னால ஏலுது" என்றார்.

ஆனால் மச்சாள், நான் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் எத்தனை இரவுக்கு இருமுவது? மாமாவுக்கு வயது போகிறது. நான் என்றாவது ஒருநாள் அசந்து நித்திரையாவேன். ஒரு இடி உண்மையாகவே விழும். திரையில் எங்களைக் கண்டு அடங்குகிற கை, திரை நின்றால் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மணிக்கட்டு அந்த நவம்பரில்தான் வெடித்தது. நான் நிப்பாட்டிய மாதம்.

அந்தப் போர்த்துக்கேயப் பொம்பிளைக்கு வீட்டில் ஒரு அறை மிச்சம் இருக்குமா? ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதீர்கள். ஊரில் நாங்கள் இருக்கிறோம், நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

கஜேந்தினி


பேர்ண்
28.04.2024

அன்பின் கஜேந்தினிக்கு,

நான் நலம். இந்த முறை அது வெறும் சொல் இல்லை.

உறையின் பின்பக்கத்தில் புது விலாசம் பார்த்திருப்பீர். அறை சின்னது. யன்னலைத் திறந்தால் ரெயில் தண்டவாளம். அந்தப் பொம்பிளை கதவுத் திறப்பை என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சூப் காய்ச்சப் போனா. பொலிசுக்கும் அவாதான் கூட வந்தா. இவர் இனி என்னிடம் வர ஏலாது என்று தாள் தந்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை நீர் அவரிடம், "பனிக்காலத்தில கார் எப்பிடி அண்ணா ஸ்ராட் எடுக்கும்?" என்று கேட்டீர். எனக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. உங்களிடம் இருப்பது உழவு மெசின், நெடுங்கேணியில் பனியும் இல்லை. அவருக்குப் பின்னால் நான் பையோடு நிற்பதை நீர் கண்டுவிட்டீர் என்று அப்போதுதான் விளங்கியது. உம்முடைய கண் அசையவில்லை. அடுத்ததாக "அப்ப ஒயில் உறையாதோ?" என்றீர். அவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவருக்கு விளங்கப்படுத்தப் பிடிக்கும். தம்பியும் வந்து பக்கத்தில் இருந்து தலையாட்டினான். நான் கதவைச் சாத்தும்போது அப்பா இருமினார், பூட்டுச் சத்தம் இவருக்குக் கேட்காதபடி.

அந்த வீட்டுக் கொம்பியூட்டரை நான் நிப்பாட்டாமல்தான் வந்தேன். நீர் எவ்வளவு நேரம் காரைப் பற்றிக் கதைத்தீர் என்று எனக்குத் தெரியாது.

இனி நிப்பாட்டலாம், கஜேந்தினி. வேலையில்லாத நேரத்தில் அது ஓட வேண்டியதில்லை.

நிரோஜா மச்சாள்


நெடுங்கேணி
19.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் புது அறைக்கு எங்கள் எல்லாருடைய அன்பும்.

மூன்று தேத்தண்ணி குடிக்கிற நேரம் காரைப் பற்றிக் கதைத்தேன். இப்போது எனக்குப் பனியில் கார் ஓட்டத் தெரியும்.

கடிதம் வந்த அன்றே கொம்பியூட்டரை நிப்பாட்டினேன். விசிறி நின்றதும் அறை பெரிதானது போல இருந்தது. மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் விடியும்வரைக்கும் இருமவில்லை. எனக்குத்தான் நித்திரை வரவில்லை, அந்த அமைதி பழக்கமில்லாமல்.

காலையில் யதுஷா கறுப்புத் திரையில் தட்டி, "மாமி, எழும்பு" என்றாள். எனக்கு நெஞ்சு சுட்டது. முந்தி மாதிரியேதான் சுட்டது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு என்னிடம் வந்து சேலையை இழுத்து, "அம்மா, மாமியை எழுப்பு" என்றாள்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது நீங்கள் திரையில் இல்லாத இந்த ஒரு மாதத்தில். நீங்கள் இன்னும் கேட்கவில்லை. புதுப் போன் எடுத்தவுடன் இலக்கத்தை எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறோம். ஆனால் முதலில் அவள் அம்மா என்று சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட விடுவேன்.

உங்கள் தம்பி மனைவி,
கஜேந்தினி